மணி அடித்தால் பிள்ளையைப் பார்

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு வேலை முடிந்ததும் மூன்று முறை 'பீப்' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2018 அக்டோபரில் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒட்டிக்கொண்ட பயம் அது.

மகளுக்கு முப்பதாவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, எடை 1 கிலோ 150 கிராம். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அந்த வயதில் போதிய அளவு ஊறியிருக்காதாம். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்தக் குறையால்தான் 39 மணி நேரத்தில் இறந்தான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்து கிடையாது. என் பேத்திக்கு அந்த மருந்தைக் குழாய் வழியாக விட்டு, வெண்டிலேட்டரில் வைத்தார்கள்.

மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தார். வீட்டார் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அவர் வந்து சேரும்வரை அந்த ஒருவர் நான். மகள் பீய்ச்சிக் கொடுக்கும் பாலைச் சின்ன சீசாவில் கொண்டுபோய்க் கொடுப்பது என் உத்தியோகம். ஒரு வேளைக்கு 2 மில்லி பால்!

குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டியை நான் மனதுக்குள் 'கூவேஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தச் சொல்தான் முதலில் வரும். அதற்கு அடைக்கோழி என்றும் பொருள். 1880 வாக்கில் தார்னியே என்ற பாரிஸ் டாக்டர், மிருகக்காட்சிசாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னாராம்.

பெட்டி சத்தம் போடாது. வெண்டிலேட்டர்தான் போடும். ஓயாமல் போடும். முதல் இரண்டு நாளும் மஞ்சள் விளக்கு மின்னும்போதெல்லாம் நான் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க முயன்று, அது புரிவதற்குள் மணி நின்றுவிடும்.

மூன்றாம் நாள் இரவு பத்து மணி இருக்கும். நான் பால் சீசாவை நீட்டும்போதே சிவப்பு விளக்குடன் மணி அலறியது. ஆக்சிஜன் அளவு 91-லிருந்து 84, 76 என்று இறங்கியது. என் கை நடுங்கிப் பால் சிந்திவிட்டது. சிஸ்டர் எந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். அது ஏறவில்லை. உதட்டோரம் குழாயில் இருந்த குறியைப் பார்த்தார். 7 சென்டிமீட்டரிலேயே இருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி இன்னொரு சிஸ்டருக்கு ஒரு குரல். எந்திரத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பையை அழுத்தினார். பை இறுகியது, காற்று போகவில்லை. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சினார். வந்தது ஒரு பொட்டுச் சளி, கடுகளவு. நெஞ்சு ஏறியது. 80, 88, 92. அதற்குப் பிறகுதான் கையை நீட்டி மணியை நிறுத்தினார்.

"மெஷினைப் பாக்காதீய தாத்தா. பிள்ளை நெஞ்சைப் பாருங்க" என்றார். பேத்தியின் மூச்சுக்குழாயில் இருந்த குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர்தான். குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலிலிருந்து காற்று நெஞ்சுக்குள் கசிகிறதா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எந்திரக் கோளாறா என்று பார்ப்பார்களாம். காரணம் சட்டென்று பிடிபடாவிட்டால் எந்திரத்திலிருந்து பிரித்துக் கையால் மூச்சுக் கொடுக்க வேண்டும்.

அதன்பின் வந்த மணிகளில் பெரும்பாலானவை அற்பக் காரணங்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏசி அறையில் குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீராகத் தேங்கும், வடித்துவிட்டால் சரி. ஒரு தடவை இணைப்பு தளர்ந்திருந்தது. ஆபத்தே இங்கேதான் என்று எனக்குப் பட்டது. எங்கள் அலுவலகத்தில் 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய கோப்புகள் வரும். நாளடைவில் எல்லாக் கோப்பிலும் சிவப்புச் சீட்டு. அப்புறம் எதையும் யாரும் அவசரமாகப் பார்க்கவில்லை. நானும்தான். அந்த சிஸ்டர் நூறாவது மணிக்கும் முதல் மணிக்கு எழுந்ததுபோலவே எழுந்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவியிடம், "இந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை" என்றேன்.

"அது கத்துனா ஆள் ஓடி வாராவல்லா? கத்தட்டும்" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். 1979-ல் எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில், அவளுடைய தாய்வீடு இருந்த அம்பாசமுத்திரத்தில் பிறந்தான். பஞ்சில் சுற்றி, இருபுறமும் வெந்நீர்ப் புட்டி வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை பால் கொடுக்க எடுத்தபோது மூச்சில்லை. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. இவள் பக்கத்திலேயேதான் படுத்திருந்தாள். பிள்ளை பிறந்த தந்தியும் அடுத்த தந்தியும் ஒரே நாளில் புதுச்சேரியில் என் மேசைக்கு வந்தன. நான் வந்து சேர்வதற்குள் தாமிரபரணிக் கரையில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

ஒன்பதாம் நாள் வெண்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டு மூக்கு வழியாகக் காற்றுக் கொடுக்கும் கருவிக்கு மாற்றினார்கள். மூச்சு விடும்போது நுரையீரல் முழுக்கச் சுருங்கிவிடாதபடி லேசான அழுத்தம் கொடுக்கும் முறை. சான்பிரான்சிஸ்கோவில் கிரெகரி என்ற டாக்டர் 1971-ல் எழுதிக் காட்டியது. காற்று வெளியேறும் குழாயின் முனை 5 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். களக் களக்கென்று குமிழி வரும். நின்றால் எங்கோ கசிகிறது. பல சமயம் பிள்ளை வாயைத் திறந்திருக்கும். அந்தச் சத்தம் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. சோறு கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குள் மாப்பிள்ளையும் வந்துவிட்டதால், அவருடைய முறையில் பாதியை இவள் வாங்கிக்கொண்டாள்.

42-ஆம் நாள் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மகள் அசந்து தூங்கினாள். மனைவி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் வயிற்றின்மேல் இரண்டு விரலை வைத்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மணிக்குப் பால்காரர் மணி அடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.