ஓலைக் கேரவன்

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏறி உட்காரும் ஏ.சி. வண்டிதானே? வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீட்டு வண்டியும் கேரவன்தான். நண்பர் ஒருவருக்கு அதில் பைத்தியம். தரை மட்டமாகப் பார்த்து நிறுத்தணும், கூரை ஒழுகாமல் பார்த்துக்கணும், சாமானைக் குறைக்கணும் என்று மணிக்கணக்கில் பேசுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஏக்கம் வந்துவிட்டது.

ஒரு சித்திரை மாசம் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், வடுவூர் தாண்டி அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். சக்கரம்தான் இல்லை.

சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு டெல்டாவில் வயல்கள் சும்மா கிடக்கும். அப்போது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வருவார்கள். பகலில் மேய்ச்சல். ராத்திரி ஏதாவது ஒரு வயலில் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். அடுத்து வேறு வயல். வீடும் கூடவே நகரும்.

வீடு என்பது ஓலையில் முடைந்து வளைத்த ஒரு கூண்டு. உள்ளே உட்காரலாம், படுக்கலாம். நிற்க முடியாது.

"எப்படிக்கா இதுக்குள்ள குடித்தனம்?" என்றேன்.

"மேடு பார்த்து வைக்கணும் தம்பி. கோடை மழைக்குச் சுத்தி வாய்க்கா கீறி விடணும். காத்தடிக்கிற பக்கம் வாசல் கூடாது. நனைஞ்சா வெயில்ல காயப் போடணும், இல்லேன்னா ஓலை மக்கிப் போயிரும்."

உள்ளே ரெண்டு பாத்திரம், ஒரு குடம், அரிசி டின், டார்ச், செல்போன். "சாமானைக் கூட்டினா யாரு சுமக்கிறது?" என்று சிரித்தார்.

நண்பரின் மூன்று விதியும் வந்துவிட்டது பாருங்கள்! நான் பி.காம். படித்தவன். ஃபிளாட்டுக்குக் கட்டிய தவணையையும், பரணில் தூங்கும் சாமான்களையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். 'இதுவல்லவோ சுதந்திரம்' என்று கட்டுரைக்கு ஒரு வரிகூட ரெடி.

"புள்ளைங்க எங்கக்கா?"

"ஊர்ல, எங்க ஆத்தாகிட்ட. இன்னிக்கு இந்த வயலு, நாளைக்கு எந்த வயலோ. எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறது? போன்லதான் மூஞ்சி பார்க்கிறேன். சார்ஜ் போட டீக்கடைக்கு நடக்கணும்."

சற்று நேரம் நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "மேட்டூர் தொறந்துட்டா குறுவைக்கு உழுதுருவாங்க. அப்புறம் வேற மேடு தேடணும்."

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் டெல்டாவுக்கே கொண்டாட்டம். நீங்களும் சந்தோஷப்படுங்கள். அந்தத் தண்ணீர் வயலுக்கு வரும்முன் ஓர் ஓலைக் கூண்டு இடம் பெயர்கிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் என்று எழுத வைத்திருந்த வரியை நான் அடித்துவிட்டேன்.