பூவும் கீறலும்

"பொழுது போவதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், பெண்களாகிய நாம் சொல்லக்கூடிய பதில்கள் சில உண்டு. தையல், பின்னல், வீணை, மொட்டை மாடியில் நாலு ரோஜாத் தொட்டி. இவற்றுள் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் திருப்தியுடன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நானோ, "யுத்த விமானங்களுக்கு வர்ணம் அடிக்கிறேன்" என்று சொல்லுவேன். கேட்டவர் முதலில் என்னைப் பார்ப்பார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்ப்பார். அவரும், "வாஸ்தவந்தான். ராத்திரி பதினோரு மணிக்குக்கூட அடிக்கிறாள்" என்று சாட்சி சொல்லுவார்.

பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! நான் வர்ணம் அடிக்கும் விமானங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேதான் பறக்கின்றன. கல்லூரியில் படிப்பதற்காக என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். அவன் கொண்டுவந்த வியாதி இது, எனக்கும் தொற்றிக்கொண்டது.

தரையில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டும் வித்தை ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம் ஆர்மோனியத்தைப் போலவே ஆர்கனுக்கும் துருத்தி உண்டு அல்லவா? அந்தத் துருத்திகளை ஒரு சின்ன மர விமானத்தின் அடியில் பொருத்தி, உள்ளே உட்கார்ந்தவன் கைப்பிடியை அசைத்தால் விமானம் சாயவும் நிமிரவும் செய்யும்படி 1929-ல் அவர் ஒரு யந்திரம் அமைத்தார். ஆரம்பத்தில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான். 1934-ல் அமெரிக்க ராணுவம் ஆறு யந்திரங்கள் வாங்கியது. இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது, லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். விளையாட்டுச் சாமான் எது, பள்ளிக்கூடம் எது என்று பிரித்துச் சொல்வது அன்றைக்கே கஷ்டமாயிருந்தது!

என் மருமான் ஓட்டும் விளையாட்டின் பெயர் 'இல்-2 ஸ்டுர்மோவிக்'. ரஷ்ய நிபுணர்கள் செய்து 2001-ல் வெளியிட்டது. 2006-ல் '1946' என்ற பெரிய பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஆர்வலர்கள் சிலர் அதன் உள்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அன்று தொடங்கியது திருத்த வேலை. இல்லாத விமானங்களைச் சேர்த்தார்கள். புதிய ஊர்களையும் ஆறுகளையும் அமைத்தார்கள். எஞ்சின் சத்தத்தை மாற்றினார்கள். இந்தத் திருத்தங்களுக்கு 'மோட்' என்று பெயர். யாரும் காசு வாங்குவதில்லை. பழைய வீட்டை வாங்கியவர், ஜன்னலை மாற்றி, திண்ணையை இடித்து, கடைசியில் வீட்டின் நிழலை மட்டும் பழையதாக விட்டுவைப்பார் பாருங்கள், அந்த மாதிரி!

இதில் என் பங்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, யுத்தத்தில் இருக்கிற விமானம் இப்படியா கல்யாணப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று இருக்கும்?" என்று கேட்டேன். அவன் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். எனக்கு ஒரே ஆச்சரியம். ரவிக்கைத் துணியை வெட்டிப் போட்டால் முன் பக்கம், பின் பக்கம், கை என்று தனித்தனியாகத் தரையில் கிடக்குமே, அதேபோல் இறக்கை, வால், உடம்பு எல்லாம் தட்டையாக விரிந்து கிடந்தன. நீளத்தில் 1024 புள்ளி, அகலத்தில் 1024 புள்ளி, மொத்தம் 256 வர்ணம். அந்தச் சதுரத்துக்குள் என்ன தீட்டுகிறோமோ, அது விமானத்தின் மேல் போய்ச் சட்டையாக உட்கார்ந்துகொள்கிறது. புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஆனால் வர்ணம் தீட்டுவது சுலபம். சரியாகத் தீட்டுவதுதான் சிரமம். புகைக் குழாய்க்குப் பின்னால் கரி எவ்வளவு தூரம் படியும்? விமானி ஏறும்போது கால் வைக்கும் இடத்தில் பூச்சு எப்படித் தேயும்? பனிக் காலத்தில் சோவியத் விமானங்களுக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். அதன் சொரசொரப்பினால் வேகங்கூடச் சற்றுக் குறையும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் தூரிகையைத் தொடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இந்தச் சர்ச்சைதான். மருமான் ஒரு கட்சி. பக்கத்துத் தெருப் பல் டாக்டர் ஒரு கட்சி. மூன்றாமவர் ஒரு பெரியவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், இந்திய விமானப் படையில் தரைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டருக்கு எண்களில் பிரியம். ஒவ்வொரு விமானத்தின் வேகம், எடை, வளையும் சக்தி எல்லாம் எண்களாகத்தான் விளையாட்டுக்குள் இருக்கின்றன. தமக்குப் பிடித்த விமானத்துக்கு ரகசியமாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் ஆசாமிகள் எங்கும் உண்டு. அதனால் சேர்ந்து பறக்கிறவர்கள் எல்லாரும் ஒரே திருத்தங்களை வைத்துக்கொள்ளவேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. பெரியவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அப்பீல் கிடையாது. 'யாக்-1' விமானத்தின் இறக்கையில் வெள்ளி நிறக் கீறல் போட்டிருந்த யாரோ ஒருவருடைய படத்தைப் பார்த்து ஒரு நாள், "தம்பி, அந்த இறக்கை மரம். மரத்தைச் சுரண்டினால் எங்கேயாவது அலுமினியம் வருமா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அந்த யாக்-1 விமானத்தினால்தான் எங்கள் மேஜையில் பெரிய சண்டை வந்தது.

1941-ல் மரினா ரஸ்கோவா என்ற வீராங்கனையின் முயற்சியால் சோவியத் நாட்டில் பெண்களுக்கென்று மூன்று விமானப் படைப்பிரிவுகள் ஏற்பட்டன. அவற்றுள் 588-வது பிரிவுப் பெண்கள், மரமும் துணியும் கொண்டு செய்த பழைய 'போ-2' விமானங்களில் இருட்டில் போய்க் குண்டு போட்டார்கள். யுத்தம் முடிவதற்குள் 23,000 தடவைக்கு மேல் அப்படிப் பறந்தார்கள். ஜெர்மானியர்கள் அவர்களுக்கு 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள். சண்டை விமானப் பிரிவில் சேர்ந்தவள் லிதியா லித்வியாக். 1921-ல் மாஸ்கோவில் பிறந்தவள். 1943 ஆகஸ்டு 1-ந் தேதி யாக்-1 விமானத்தில் புறப்பட்டுப் போனாள், திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது நிறைவதற்கு இன்னும் பதினேழே நாள் இருந்தது. 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற பட்டம் அவளுக்குக் கிடைத்தது 1990-ல்தான்.

தோழிகள் அவளை லிலியா என்று அழைப்பார்கள். ரஷ்ய பாஷையில் அந்தச் சொல்லுக்கு லில்லிப் பூ என்று அர்த்தம். ஆகவே, அவள் தன் விமானத்தில் வெள்ளை லில்லிப் பூ வரைந்திருந்தாள் என்று ஒரு கதை உலகமெல்லாம் பரவியிருக்கிறது. அவள் விமானத்துக்கு வர்ணம் தீட்டித் தரும்படி மருமான் என்னைக் கேட்டான்.

"பூ போடுங்கள், அத்தை! பூ இல்லாவிட்டால் அது அவள் விமானம் என்று யாருக்குத் தெரியும்?"

"போடக்கூடாது" என்றார் டாக்டர். "பூவைக் காட்டுகிற நம்பகமான போட்டோ ஒன்றாவது உண்டா? அவள் எத்தனை விமானங்களை வீழ்த்தினாள் என்பதிலேயே சரித்திரக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நாம் வேறு கதை கட்டவேண்டுமா?"

எனக்குப் பூப் போட ஆசைதான். பெண்ணல்லவா? முடிவு காண முடியாமல் பெரியவரைப் பார்த்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, எனக்குச் சரித்திரம் தெரியாது. 1971 யுத்தத்தில் நான் ஹண்டர் விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு விமானத்தின் மூக்குப் பக்கம் ஓர் எழுத்து எழுதியிருக்கும். ஏணி உரசி அந்த எழுத்தின் கால் போய்விட்டது. விமானி பையன் சிரித்தார். 'என் எழுத்தை நொண்டியாக்கிவிட்டாயே' என்றார். 'நாளைக்குப் பூசிவிடுகிறேன், சார்' என்றேன். விடியற்காலை அந்த விமானம் போயிற்று. திரும்பி வரவில்லை. இன்றைக்கு யாராவது அந்த விமானத்தை வரைந்து, அழகுக்காக ஒரு புலியைப் போட்டால் எனக்குப் பொறுக்குமா? அப்புறம் எல்லாருக்கும் புலிதான் ஞாபகம் இருக்கும். அந்தப் பையன் இருக்கமாட்டார். தெரிந்ததைப் போடுங்கள், அம்மா. அது போதும்."

மேஜையைச் சுற்றி யாரும் பேசவில்லை. விழுந்த விமானத்தை மறுபடி பறக்கவிட அந்த விளையாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை மருமான் அழுத்தும்போதெல்லாம் பெரியவர் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

லிலியாவின் விமானத்தில் நான் பூப் போடவில்லை. கால் பட்டுத் தேய்ந்த இறக்கை ஓரத்தையும், புகைக் கரியையும், சேற்றையும் போட்டேன். பூ ஒருவேளை இல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கால் வைத்து ஏறியது நிச்சயமல்லவா?

இரண்டு வாரம் கழித்து, வேறொரு விளையாட்டில் ஹண்டர் விமானம் இருப்பதை மருமான் தேடிப் பிடித்தான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பச்சையும் சாம்பலுமாக வர்ணம் தீட்டினேன். அந்த எழுத்தையும் எழுதி, ஏணி உரசிய கீறலையும் போட்டேன். அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், அம்மா" என்று மௌஸை வாங்கிக்கொண்டார். கை நடுங்கிற்று. கீறல் மேல் புள்ளி புள்ளியாக வெள்ளை வைத்து, எழுத்தின் காலை முழுசாக்கினார்.

"தாத்தா, அன்றைக்கு அப்படி இல்லையே? தெரிந்ததை மட்டும் போடவேண்டும் என்றீர்களே?" என்றான் மருமான்.

"கீறல் நிஜம், தம்பி. பூசுகிறேன் என்று நான் சொன்னதும் நிஜம்" என்றார் அவர்.

அந்த விமானத்தை இதுவரை யாரும் சண்டைக்கு எடுத்துப் போகவில்லை. மருமான் அதைக் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையன் இப்படித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். "எந்நேரமும் டப்பு டப்பு என்று என்ன விளையாட்டு!" என்று நீங்கள் கோபித்துக்கொள்ளலாம், அதில் நியாயமும் உண்டு. கோபித்து முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது யாருடைய விமானம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல கதை கிடைக்கும். தெரியாவிட்டால், அவன் தேடிக்கொண்டு வருவான்.