கூம்பும் பிடியும்

நியூஜெர்ஸியில் எங்கள் அடுக்ககத்துக்கு அருகே ஊர்ப் பொதுப் பூங்கா ஒன்று உண்டு. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்றில் குழந்தைகளைக் கூட்டிவைத்து, காட்டுப் பறவைகளுக்குப் பண்டிகைத் தின்பண்டம் செய்வார்கள். 2021 டிசம்பரில் மகளை அழைத்துக்கொண்டு நாங்களும் போனோம். அம்மாவையும் வற்புறுத்திக் கூட்டிச் சென்றோம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரை வெளியே கொண்டுவர வேறு காரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், சென்னையில் அம்மாவின் ஒரே தம்பி காலமானார். தகவல் வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. கைபேசித் திரையில்கூட முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அம்மா அழுது நாங்கள் பார்க்கவில்லை. ஒருநாள் மட்டும், "இனிமே கனு கிடையாது. யாருக்குன்னு வைக்கிறது?" என்றார்.

பொங்கலுக்கு மறுநாள் அதிகாலையில், உடன்பிறந்தவர்கள் நலமாயிருக்க வேண்டிப் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளைக் காக்கைக்கும் குருவிக்கும் வைப்பது கனுப்பிடி. இந்நாட்டுக்கு வந்த பிறகும் அம்மா அதை விட்டதில்லை. மஞ்சள் இலைக்குப் பதில் இந்தியக் கடையின் உறைந்த வாழையிலை; மொட்டைமாடிக்குப் பதில் பால்கனி. அவ்வளவே மாற்றம்.

பூங்காவில் மேசைமேல் பைன் மரத்தின் காய்ந்த கூம்புகள் குவிந்து கிடந்தன. அவற்றில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதுதான் இங்கே வழக்கம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளை எண்ணி அதை விலக்கி, வனஸ்பதி போன்ற தாவரக் கொழுப்பில் மக்காச்சோள மாவைப் பிசைந்து வைத்திருந்தார்கள். அதைக் கூம்பின் இடுக்குகளில் அப்பி, சூரியகாந்தி விதையிலும் சிறுதானியத்திலும் புரட்டி, சணல் கயிறு கட்டிக் கிளையில் தொங்கவிட வேண்டும்.

கற்றுத்தந்த மூதாட்டி கண்டிப்பானவர். ரொட்டித் துண்டு போடாதீர்கள், வயிறு நிறையுமே தவிர உடம்பில் ஒட்டாது என்றார். வெப்பம் ஏறினால் கொழுப்பு உருகி இறகில் அப்பிக்கொள்ளும், ஆகவே இது குளிர்காலத்துக்கு மட்டும். தின்று தீர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கால் சிக்கிக்கொள்ளும். அன்பு காட்டுவதற்கும் இவ்வளவு விவரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சிக்கடீ என்ற சிறு பறவை இங்கே குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போவதில்லை. எடை 10, 11 கிராம். விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துவைக்கிறது. உறைபனி இரவில் தன் உடல் வெப்பத்தைச் சில டிகிரி தணித்துக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்து விடியலை எட்டுகிறது. மறுநாள் மீண்டும் தேட வேண்டும்.

கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, கண்ணில் படும் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டி ஒருகாலத்தில் இந்நாட்டில் இருந்தது. சுடுவதை விட்டு எண்ணுவோம் என்று 1900-இல் பிராங்க் சாப்மன் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. 1970 முதல் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்றது 2019-இல் வெளியான ஓர் ஆய்வு. அந்த எண்ணின் முன்னால் ஒரு மரக் கூம்பு என்ன செய்துவிடும் என்று எங்களுக்குத் தோன்றியது. அதுவும் அம்மா கேட்ட அதே கேள்விதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மகளின் கூம்பிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டே இருந்தது. பெஞ்சில் அமர்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். கையுறைகளைக் கழற்றினார். "இப்படிப் பிசைஞ்சா நிக்காது" என்று இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தார். எத்தனையோ ஆண்டுகள் பழகிய கை. பிறகு மூதாட்டியிடம் கேட்கச் சொன்னார்: "எந்தக் குருவி வரும்?"

"சொல்ல முடியாது. எது வந்தாலும் சரி" என்று பதில் வந்தது. மொழிபெயர்த்துச் சொன்னோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த கூம்பை எடுத்துக்கொண்டார்.

2022 ஜனவரி 15, கனு. கடுங்குளிர். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. விடியுமுன் சமையலறை விளக்கு எரிந்தது. வாழையிலையில் மஞ்சள் சோறும் தயிர்ச்சோறும் ஒருபுறம். மறுபுறம் வனஸ்பதியும் விதையும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள். "சோறு இந்தக் குளிர்ல கல்லாப் போயிடும். அதுங்களுக்கு இதுவும் இருக்கட்டும்" என்றார். வழக்கமாகச் சொல்லும் வேண்டுதலைச் சொல்லவில்லை. பால்கனியில் இலையை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மே மாதத்து அழுகை அப்போதுதான் வந்தது.

நண்பகலில் பார்த்தபோது விதை உருண்டைகளைக் காணோம். காக்கையா, சிக்கடீயா, அணிலா தெரியாது. அணில்தான் என்று மகள் சாதித்தாள். அம்மா விசாரிக்கவில்லை.

பிப்ரவரியில் பூங்காவுக்குப் போனோம். கூம்பில் ஒரு விதைகூட மிச்சமில்லை. நாங்கள் கிளையை வளைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்.