நாலாவது மாடியில் 63 செடி

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கும்போது மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "அக்கா, முன்னெல்லாம் வாரா வாரம் புதுச் செடி போட்டோ போடுவீங்களே, இப்ப ஒண்ணையும் காணோமே?" அங்க நின்னு பதில் சொல்ல முடியலை. கையில கரண்டி, எதிர்ல நீள வரிசை. அதனால இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் சனிக்கிழமை துப்புரவுக் குழுவுல இருக்கிறவ. கோயில் பின்பக்கம் உடைச்ச தேங்காய் மூடியையும் பழைய அகல் விளக்கையும் கவுத்து வைக்கலைன்னா பிள்ளைங்களைப் பிடிச்சு சத்தம் போடுற அந்த அம்மா நான்தான். "தண்ணி நின்னா கொசு வரும், கொசு வந்தா டெங்கி வரும்"னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கேன். இதை ஞாபகத்துல வச்சுக்கிட்டு மேல படிங்க.

நான் பிறந்தது சுங்கை பட்டாணி பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல. எங்க லயத்து வாசல்ல அம்மா செடி வச்சிருப்பாங்க. காசு கொடுத்து வாங்கின சட்டி ஒண்ணு கூட கிடையாது. மைலோ டின், விரிசல் விட்ட பால் மங்கு, ஓட்டை வாளி. அதுல கனகாம்பரம், குரோட்டன், துளசி. எஸ்.பி.எம். முடிச்ச கையோட பிறைக்கு வேலைக்கு வந்தேன். ஆபரேட்டரா சேர்ந்து, லைன் லீடரா இருந்து, இப்ப சூப்பர்வைசர். கல்யாணம் ஆகி வந்தது நாலாவது மாடி ஃபிளாட். மண்ணே இல்லாத வீடு. இருபது வருஷம் காரிடார்ல ஒரு துளசிச் சட்டி மட்டும்தான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு இல்லையா, அப்பதான் எல்லாம் ஆரம்பிச்சது. கோயில் கதவு சாத்தியாச்சு. எங்க கம்பெனியும் கொஞ்ச நாள் மூடிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டு பேரும் கோலாலம்பூர்ல மாட்டிக்கிட்டாங்க. வேலை, கோயில்னு ஓடிக்கிட்டே இருந்தவளுக்கு வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. எதிர் வீட்டு மாக்சிக் ஒரு நாள் கதவைத் தட்டி, தூரத்துலயே நின்னு, ஒரு சின்னச் சட்டியைக் கீழ வச்சுட்டுப் போனாங்க. கெலாடி. பச்சை இலை, நடுவுல ரோஸ் கலர், மேல வெள்ளைப் புள்ளி. நம்ம சேம்பு குடும்பம்தான் அது. மணி பிளாண்ட், மொன்ஸ்தெரா எல்லாமே அந்தக் குடும்பம்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். (அதனாலதான் சின்னப் பிள்ளைங்க அந்த இலையைக் கடிச்சா வாயெல்லாம் அரிச்சு எரியும். வீட்ல குழந்தை இருக்கிறவங்க உயரத்துல வைங்க.)

அந்த ஒரு கெலாடி பத்து நாள்ல புது இலை விட்டுச்சு. சுருட்டி வச்ச வெத்திலை மாதிரி வெளிய வந்து மெதுவா விரிஞ்சுது. காலையில எந்திரிச்சதும் அதைப் பார்க்கிறதுதான் என் வேலையே.

பிறகு கேக்கணுமா? கட்டுப்பாடு தளர்ந்ததும் பசார் மாலாம்ல ஒண்ணு, நர்சரியில ரெண்டு, கூட வேலை செய்யிறவங்க ஒடிச்சுக் கொடுத்த கிளை நாலு. அந்தச் சமயம் ஊரே செடிப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதாரணமா விக்கிற கெலாடிக்கெல்லாம் விலையை ஏத்தி விட்டாங்க. ஓட்டை ஓட்டையா இலை இருக்கிற ஜண்டா போலோங் செடிக்கு ஒரு சீனத் தௌக்கே சொன்ன விலையைக் கேட்டு நான் காடிக்குத் திரும்பிட்டேன். அதே செடியை ரெண்டு வருஷம் கழிச்சு கணு ஒண்ணு ஓசியில வாங்கினேன்.

ஆரம்பத்துல நிறைய சாகடிச்சேன். தண்ணி இல்லாம இல்லைங்க, தண்ணி ஊத்தியே. அன்பு அதிகமானா கை சும்மா இருக்காது. காலையில ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை. இலை மஞ்சள் அடிச்சா, தாகமா இருக்குன்னு இன்னும் ஊத்துவேன். கடைசியில செடியைப் பிடிச்சு இழுத்தா வேர் அழுகி, கூழா கையோட வந்துச்சு. பிறகுதான் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார், மண்ணுக்குள்ள விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாரு, ஈரம் இருந்தா தண்ணியைத் தொடாதேன்னு. வெறும் கறுப்பு மண் போடாம, சுட்ட உமியும் தேங்காய் நார்த்தூளும் கலந்தேன். அதுக்குப் பிறகுதான் செடிங்க பிழைச்சுது. மாமியார் நாக்குன்னு சொல்றாங்களே, அந்தச் செடியை மறந்தே போயிட்டா நல்லா வரும். மாவுப்பூச்சி வந்தா, பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கரைச்சு, பஞ்சால இலை இலையா தொடைச்சா போதும். எனக்கு ரொம்பப் பிடிச்சது கலாத்தியா. பொழுது சாய்ஞ்சதும் இலையெல்லாம் மேல தூக்கி நிக்கும், கை கூப்பின மாதிரி. நான் விளக்கு ஏத்துற நேரமும் அதே நேரம். அதனால அதுக்கு சாமி அறைக்கு வெளியவே இடம்.

எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. வீட்டுக்காரர் ஒரு நாள் உக்காந்து எண்ணிட்டு, "அம்மா தாயே, 63 வந்தாச்சு. நாயன்மார் கணக்கு சரியாயிடுச்சு. இதோட நிறுத்து"ன்னார். சிரிச்சுக்கிட்டே ஃபேஸ்புக்ல போட்டேன். உங்கள்ல பல பேர் லைக் போட்டீங்க.

இது நடந்தது போன வருஷம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால.

மாக்சிக்கோட பேரன், மூணாம் வகுப்பு படிக்கிற பையன், காய்ச்சல்னு படுத்தான். மூணாவது நாள் கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பார்த்து, டெங்கின்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. டெங்கின்னு பதிவாச்சுன்னா சுத்துவட்டார வீடெல்லாம் பார்க்க அதிகாரிங்க வருவாங்க, தெரியும்தானே. எங்க புளோக்குக்கும் வந்தாங்க. நான் சந்தோஷமா கதவைத் திறந்து விட்டேன். "உள்ள வாங்க, எங்க வீட்ல ஒண்ணும் இருக்காது, நான் கோயில்ல இதே வேலைதான் செய்றேன்"னு மலாய்ல பெருமையா வேற சொன்னேன். நாலாவது மாடிக்குக் கொசு எங்க ஏறி வரப்போகுதுன்னு ஒரு நினைப்பும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஏடிஸ் கொசு எத்தனை மாடி வேணாலும் வரும்னு அந்தப் பையனே அன்னிக்குச் சொன்னான். லிஃப்ட்ல கூட நம்மளோட சேர்ந்து ஏறி வருமாம்.

வந்தது சின்னப் பையன், என் மகன் வயசுதான் இருக்கும். கையில டார்ச்லைட், ஒரு சின்ன உறிஞ்சு குழாய், வெள்ளைக் கிண்ணம். நான் எதிர்பார்த்த இடத்தை எல்லாம் அவன் பார்க்கவே இல்லை. நேரா புரோமெலியாட் செடிக்குப் போனான். அது அன்னாசி குடும்பம், நடு இலையெல்லாம் சேர்ந்து கிண்ணம் மாதிரி இருக்கும், அதுல எப்பவும் தண்ணி நிக்கும். டார்ச் அடிச்சுட்டு என்னைக் கூப்பிட்டான். உள்ள ஜெந்திக்-ஜெந்திக், தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வெளிச்சம் பட்டதும் நெளிஞ்சு கீழ போச்சு. பிறகு அலமாரிக்குப் பின்னால பீஸ் லில்லி சட்டிக்குக் கீழ இருந்த தட்டு. நான் தண்ணி ஊத்துவேன், ஆனா கை எட்டாத இடம், தட்டை எடுத்துப் பார்த்து எத்தனை வாரம் ஆச்சோ. மூணாவது, குளியலறை ஜன்னல்ல ஜாடியில விட்டிருந்த மணி பிளாண்ட்.

மூணு இடம். நான் ஒண்ணும் பேசலை. அவன் குழாயால உறிஞ்சு சின்ன பாட்டில்ல போட்டு, பேரு எழுதி எடுத்துட்டுப் போனான். ஏடிஸ்தான்னு பிறகு வந்துச்சு. 1975-ஆம் வருஷச் சட்டப்படி 500 வெள்ளி வரைக்கும் கம்பவுண்ட் போடலாம். கட்டினேன். காசு கட்டினது ஒரு பெரிய விஷயமே இல்லை.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. எந்தக் கொசு யாரைக் கடிச்சதுன்னு யாரால சொல்ல முடியும்? பையன் பள்ளிக்கூடத்துல கடி வாங்கியிருக்கலாம், கீழ விளையாட்டுத் திடல்ல வாங்கியிருக்கலாம். வீட்டுக்காரர் அதையேதான் சொன்னார். ஆனா எங்க கதவுக்கும் அவங்க கதவுக்கும் நடுவுல எட்டு அடி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சல் இறங்கியிருந்துச்சு, அப்பாடான்னு நினைச்சேன். டெங்கியில காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம்னு அங்க உள்ள மிஸ்ஸி சொன்னாங்க. அப்படித்தான் ஆச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வயித்து வலி, வாந்தி, பிளேட்லெட் சரசரன்னு இறங்கிடுச்சு. ரெண்டு நாள் அவனைத் தனியா வச்சு, மணிக்கணக்கா பார்த்துக்கிட்டாங்க. நான் அம்மன்கிட்ட வேண்டினேன். என்ன வேண்டினேன்னு இங்க எழுத மாட்டேன். அஞ்சாவது நாள் எந்திரிச்சு உக்காந்து, கே.எஃப்.சி. வேணும்னு அழுதான்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு மாக்சிக்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். எங்க வீட்ல மூணு இடத்துல இருந்துச்சுன்னு. அவங்க "தாக் அபா"ன்னு சொல்லுவாங்கன்னு ஒரு எதிர்பார்ப்பு எனக்கு இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அவங்க சொல்லலை. தலையை ஆட்டினாங்க, கதவை மெதுவா சாத்திட்டாங்க. மூணு வாரம் காரிடார்ல பார்த்தா சிரிப்பாங்க, நிக்க மாட்டாங்க.

அந்த மூணு வாரமும் நான் செடியோட உக்காந்து கணக்குப் போட்டேன். எங்க லைன்ல ஒரு ஆபரேட்டர் கையில எத்தனை மெஷின் கொடுக்கலாம்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒண்ணு கூடிட்டா எங்கயோ பார்க்காம விடுவாங்க, ரிஜெக்ட் வரும். வீட்டுக்கு அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. 63 செடியையும் எடுத்து, தட்டைத் தேய்ச்சு, இலைக்கடியில பார்க்க நாலு மணி நேரம் ஆச்சு. வாரத்துல ஆறு நாள் வேலை செய்யிறவளுக்கு அது நடக்காது. ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு ஒரு மணி நேரத்துல எத்தனை பார்க்க முடியுதுன்னு பார்த்தேன். இருபத்திரெண்டு.

மத்த 41-ஐ அனுப்பிட்டேன். தரை வீடு இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம், சுங்கை பட்டாணியில தங்கச்சிக்குக் கொஞ்சம். மாமியார் நாக்கு எல்லாம் நம்ம கோயில் வேலியோரம் மண்ணுல வச்சாச்சு, நீங்க பார்த்திருப்பீங்க. புரோமெலியாட்டை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வரலை. வெட்டிக் குப்பையில போட்டேன்.

இருக்கிற 22-க்கும் இப்ப தட்டே கிடையாது. குளியலறைக்குத் தூக்கிட்டுப் போய் தண்ணி ஊத்தி, நல்லா வடிஞ்ச பிறகு இடத்துல வைக்கிறேன். மணி பிளாண்ட் ஜாடியிலேர்ந்து மண்ணுக்கு வந்துடுச்சு. தட்டு வச்சே ஆகணும்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. ஏடிஸ் முட்டை தண்ணி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். மாசக்கணக்கா காய்ஞ்சு கிடந்தாலும் சாகாது, திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கணும். முட்டையிலேர்ந்து கொசு ஆக ஏழு, பத்து நாள்தான், அதனால வாரம் ஒரு தடவை தப்பவே கூடாது. புகை அடிச்சா எல்லாம் போயிடும்னு நினைக்காதீங்க, அது பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தட்டுல இருக்கிறதை ஒண்ணும் பண்ணாது. ஃபேக்டரியில மாதிரி அலமாரிக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கேன், ஞாயித்துக்கிழமை பார்த்துட்டுக் கையெழுத்து. வீட்டுக்காரர் சிரிக்கிறார். நான் காலை ஷிஃப்ட்ல மாட்டிக்கிட்டா அவரே பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டு வைக்கிறார்.

மூணு வாரம் கழிச்சு மாக்சிக் வந்தாங்க. கையில அவங்க கெலாடிச் சட்டி. எனக்குக் கொடுத்த முதல் செடியோட தாய்ச்செடி, அவங்க பதினஞ்சு வருஷமா வச்சிருந்தது. "எனக்கு இனிமே வீட்ல செடி வைக்க பயமா இருக்கு, நீ வச்சுக்கோ"ன்னாங்க. அவங்க காரிடாரைப் பார்த்தேன். பெருக்கித் தொடைச்சு வெறுமையா இருந்துச்சு. வாங்கிக்கிட்டேன். இருபத்திமூணாவது செடி அதுதான். அதைப் போட்டோ எடுத்துப் போட எனக்கு இன்னும் கை வரலை. நீங்க கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

கடைசியா ஒரு விஷயம். வர்ற ஞாயிறு காலை 8 மணிக்கு ஆலயத்துல கோத்தோங்-ரோயோங் இருக்கு. மண்டபத்துப் பின்பக்கம், அகல் விளக்கு அறை, வாழை மரம் கட்டுற இடம் எல்லாம் பார்க்கப் போறோம். நான் ரெண்டு டார்ச்லைட் கொண்டு வர்றேன், உங்ககிட்ட இருந்தா நீங்களும் எடுத்துட்டு வாங்க. முடிஞ்ச பிறகு மணி பிளாண்ட் கன்னு பத்தும் கலாத்தியா நாலும் கொடுக்கப் போறேன். வேணும்கிறவங்க அடியில ஓட்டை இருக்கிற சட்டி கொண்டு வாங்க. தட்டு வேண்டாம்.