வாத்து வேட்டைக்கு ஒரு ஸ்டாம்ப்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நவம்பர் பிறந்தால் மான் வேட்டைப் பேச்சுதான். ஆபீஸில் பலர் லீவு போட்டுவிடுவார்கள். முட்டை வாசம்கூட நுழையாத ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீட்டில் வளர்ந்த எனக்கு, சுட்ட மானைப் பிக்அப் வண்டியில் கிடத்திக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்காது. இப்போதும் சகிப்பதில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிய டக் ஸ்டாம்ப் என்னை யோசிக்க வைத்தது. தபால்தலை மாதிரி இருக்கும். வாத்துப் படத்தின் குறுக்கே மையில் அவர் கையெழுத்து. 1934-ல் ஒரு டாலர், இன்று 25. பதினாறு வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் எவரும் இது இல்லாமல் சுட முடியாது. டாலருக்கு 98 சென்ட், நீர்ப்பறவைகள் வாழும் சதுப்பு நிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் 1937-ல் வந்த சட்டப்படி வனவிலங்குகளுக்கே செலவாகிறது. சுடாத நானும் வருஷா வருஷம் ஒன்று வாங்குகிறேன்.

நம் ஊர் வேட்டைக்காரர்கள் கதை வேறு. சின்ன வயதில் கொள்ளிடக் கரையில் நரிக்குறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோளில் நாட்டுத் துப்பாக்கி, இடுப்பில் கருமருந்துப் பை, கையில் கண்ணி. கௌதாரி மாதிரியே குரல் கொடுப்பார்கள். புதருக்குள்ளிருந்து பதில் வரும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை லைசென்ஸுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் 1991 திருத்தம் அடைத்தது. நரிக்குறவர் குடியிருப்பான தேவராயநேரிக்காரர்கள் இன்று திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்க 2023 வரை காத்திருந்தார்கள்.

நம் ஊரில் வேட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை. இவ்வளவு ஜனநெருக்கத்தில், மிச்சமிருக்கும் காடும் ஏரியும் அதைத் தாங்காது. தடை சரிதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் வேட்டைக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு அவனைச் சதுப்பு நிலத்துக்குப் பங்காளி ஆக்கியது; நம் சட்டம் அவனைக் குற்றவாளி ஆக்கியதோடு கைகழுவிவிட்டது. அவன் கையிலிருந்த பறவை ஞானத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட வனத்துறையினருக்கு அனுமதி கொடுத்தது. ஆக, கட்டுப்பாட்டோடு சுடுவதற்கு முழுத் தடை இல்லை. அந்தப் பன்றியின் தடம் பார்க்கத் தேவராயநேரிப் பெரியவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாமே! 2024-ல் ராம்சர் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரி திருச்சிக்குப் பக்கம்தான். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் இறங்கும் அந்த ஏரியில் பறவைக் கணக்கெடுப்புக்கும் காவலுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நிரந்தர வேலையில் வைக்க வேண்டும்.