சாவி உன்னிடம் இருக்கட்டும்

கோர்படி, புனே
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஒரே வண்டியில் மூன்று பேராகப் போய், பூக்காரப் பெரியவரை இடித்திருக்கிறான் நம்ம பிள்ளை. அவர் கால் முறிந்ததோடு பிழைத்தது நாம் செய்த புண்ணியம். மாப்பிள்ளை பெல்ட்டை எடுத்தாராம், ஒரு வாரமாக மகனோடு பேச்சும் இல்லையாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு ஆற்றின் அந்தப் பக்கம்தான் கல்யாணி நகர். 2024 மே 19 அதிகாலை, அங்கே பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி ஐ.டி.யில் வேலை பார்த்த இருவர் செத்தார்கள். இருவருக்கும் வயது 24. அன்றைக்கே பையனுக்கு ஜாமீன்; சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை. டீக்கடையில் எல்லாரும் கொதித்தார்கள், நானும்தான். அப்புறம் ரத்த மாதிரியை மாற்றிய புகாரில் பெற்றோரும் டாக்டர்களும் கைதானார்கள். பையனுக்காவது பதினேழு, இவர்களுக்கு?

2015 சிறார் நீதிச் சட்டப்படி, பதினாறு தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனாக விசாரிக்க வழி உண்டு. போலீஸ் அதைத்தான் கேட்டது. 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் மறுத்தது. மறுத்தது சரி, கட்டுரை எழுதச் சொன்னது தப்பு என்பது என் கட்சி. இரண்டு பக்கத்தாரும் என்னைத் திட்டுகிறார்கள்.

மறுத்தது ஏன் சரி என்கிறேன் என்றால், அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. பதின்வயதுப் பிள்ளைகள் தனியாக இருந்ததைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது அதிகமாகத் துணிந்தார்கள். 24 தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆசையைக் கிளப்பும் பகுதி மூளையில் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. பிரேக் போடுகிற முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. டீசல் ஷெட்டில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன், இன்ஜின் வந்து பிரேக் வராத வண்டியை யாரும் லைனில் விடமாட்டார்கள்.

நம்ம பிள்ளைக்கு நியாயம் தெரியாமல் இல்லை. தனியாகக் கேட்டுப் பார், உன்னைவிட நன்றாகச் சொல்வான். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து ‘முறுக்குடா’ என்றதும் அது மறந்துபோகிறது. தான் யார் என்று அவனுக்கே பிடிபடாத வயசு, கூட்டாளிகள் சொல்வதுதான் அவனுக்கு முகவரி. என் மகன் பதினாறில் மராத்திப் பையன்களிடம் தன் பெயரையே மாற்றிச் சொன்னான். வீட்டில் தமிழ் பேசினால் முறைப்பான். நானும் அடித்தேன். அடித்த பிறகு இரண்டு வருஷம் அவன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. அதுதான் மிச்சம்.

அதற்காக, சின்னப் பிள்ளை என்று மூடி மறைக்கவும் கூடாது. பெரியவர் நடக்கிறவரை தினமும் காலையில் மார்க்கெட்டில் பூ எடுத்து அவர் கடையில் இவனே இறக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி, லீவில் வேலை பார்த்து அடைக்கட்டும். மாப்பிள்ளையை, கடிதம் கிடைத்த அன்று ராத்திரியே அவனைக் கூட உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். தாய்மாமன் கேட்டதாகச் சொல்.

பரீட்சை முடிந்ததும் இங்கே அனுப்பு. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுக்கும்வரை வண்டிச் சாவியை நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்