வாய் 'சரி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி

இன்னிக்கு ஒரு தோழி சொன்னா: "மனசு வேணாங்குது, வாய் சரிங்குது. இதுல எது நான்?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

மைக்கேல் கெர்னிஸ், பிரையன் கோல்ட்மன்னு ரெண்டு உளவியலாளர்கள். தன் இயல்புக்கு உண்மையா வாழறதை 2006-ல நாலாப் பிரிச்சு எழுதினாங்க.

தன்னை அறியறது.
அறிஞ்சதைத் திரிக்காம ஏத்துக்கறது.
அதன்படி நடக்கறது.
நெருங்கினவங்ககிட்ட ஒளிவு மறைவில்லாம இருக்கறது.

முதல் ரெண்டுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் கைகொடுக்கும். 1979-ல ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ்ல தொடங்கின பயிற்சியோட சாரமே அதுதான்: இந்த நிமிஷம் உள்ளுக்குள்ள நடக்கறதை, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு எழுதாம கவனிக்கணும்.

'சரி' வெளிய வர்றதுக்கு முன்னாடி தொண்டை இறுகுறது தெரிஞ்சா, பதிலை மாத்த ஒரு நொடி கிடைக்கும்.

ஆனா அடுத்த ரெண்டுக்கும் கவனம் மட்டும் போதாது. சுத்தி இருக்கறவங்களும் இடம் கொடுக்கணும். 'முடியாது'ன்னா வசவு விழற வீட்டுல இருக்கறவகிட்ட, 'நீ நீயா இரு'ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்றது அநியாயம்.

அதனால உங்களைத்தான் கேக்கறேன்.
உங்ககிட்ட பயமில்லாம 'முடியாது'ன்னு சொல்ல யாரால முடியும்?